பூட்டாத முன்சக்கரம்

அத்தியாயம் 5

ஒரு செருப்பு சேற்றுக்குள் போயே போய்விட்டது. மிச்சமிருந்த ஒன்றோடு அப்பாவு பாத்திக்குள் காலை வைக்கப் போனதுதான் தாமதம், பக்கத்து வரப்பிலிருந்து ஒரு பெண்குரல் கிழித்துக்கொண்டு வந்தது.

"யோவ்! கண்ணு அவிஞ்சா போச்சு? மிதிச்ச பாத்தியில செருப்போட இறங்குறியே, கழட்டுய்யா!"

அப்பாவு பதறிப்போய் காலை இழுத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார்.

"மேடம், ஒத்தைச் செருப்பை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று முன்னால் போன முதலாளியிடம் கேட்டார்.

"அதையும் இங்கேயே விட்டுட்டு வாங்க அண்ணே. ஜோடியைப் பிரிச்ச பாவம் நமக்கு எதுக்கு?" என்றாள் வைஜெயந்தி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

உப்புப் பாத்தியின் தரை சும்மா வந்த தரை இல்லை. சீசன் தொடங்கும்போது ஆணும் பெண்ணுமாகக் களிமண்ணை நாள்கணக்கில் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். அப்புறம்தான் அதில் தண்ணீர் கட்டி உப்பு விளைவிப்பது. அதில் செருப்புக்கால் பட்டால் மரக்காணத்தில் கலெக்டராக இருந்தாலும் ஏச்சு விழும். அப்பாவு வெறும் அப்பாவு. புதுச்சேரி தடத்தில் தனியார் பஸ் கண்டக்டராக இருந்து, பயணிகளோடு வாயாடியே வேலையைத் தொலைத்தவர்.

வைஜெயந்தி இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு அடிபட்ட வண்டிகளைப் பார்த்து அறிக்கை கொடுக்கும் சர்வேயராக இருந்தவள். பொய் சொல்லும் டிரைவர்களையும் பொய் சொல்லத் தெரியாத வண்டிகளையும் பார்த்துச் சலித்து, ஒருநாள் துப்பறியும் நிறுவனம் என்று போர்டு மாட்டிவிட்டாள். அந்த நிறுவனத்தின் மொத்த ஊழியர் படையும் இப்போது வெறுங்காலோடு வரப்பில் நின்றுகொண்டிருந்தது.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வங்கக்கடலில் புயல் சின்னம் என்று காலையிலிருந்து டிவியில் அலறுகிறார்கள். சுற்றிலும் உப்பளம் முழுக்க ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். வாரிக் குவித்த உப்பு அம்பாரங்களை மழை தின்றுவிடாமல் பனையோலை வேய்ந்து மூட வேண்டும். இவர்கள் நின்ற பாத்திகளில் மட்டும் ஈ காக்கை இல்லை.

"என்னோட பாத்திங்கதான் இதெல்லாம்" என்றார் கூட வந்த சிவப்பிரகாசம். "ஆளுங்களை இன்னைக்கு வர வேணாம்னு சொல்லிட்டேன். பையன் நெனப்புல உப்பாவது ஒண்ணாவது, போங்க மேடம்."

காலையில் இவர்களுடைய ஆபீசுக்கு வந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுத மனிதர். அவருடைய அக்கா பாக்கியலட்சுமிக்கு ஒரே பையன் பிரபாகரன். முந்தாநாள் சாயங்காலத்திலிருந்து காணவில்லை. யாரோ கடத்திவிட்டார்கள். போலீசுக்குப் போனால் கொன்றுவிடுவார்கள். அக்கா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடக்கிறாள். 'எப்படியாவது உயிரோட கண்டுபிடிச்சுக் குடுங்க' என்று அவர் கும்பிட்டபோது அப்பாவுக்கே கண் கலங்கிவிட்டது. கொஞ்சம் பொறுங்கள், அந்தக் கண்ணீருக்கு அப்பாவு பின்னால் மிகவும் வருத்தப்படப் போகிறார்.

பிரபாகரனின் ஜீப் பாத்திகளின் ஓரத்தில், கழுவெளி ஏரிச் சேற்றில் புதைந்து நின்றது. ராணுவ ஏலத்தில் போன பழைய ஜீப். குயிலாப்பாளையத்தில் ஒரு ஷெட் பிடித்து, காடு மேடு சேறு என்று எதிலும் போகிற மாதிரி அவனே மாற்றிக் கட்டியது. ஸ்பிரிங்கை மாற்றி இடுப்பளவுக்கு உசத்தியிருந்தான். மலைப்பாம்பு தடிமனுக்குப் பள்ளம் வெட்டிய டயர்கள். தண்ணீரில் முங்கினாலும் எஞ்சின் மூச்சு விட, பானெட் ஓரமாக ஒரு குழாய் மேலே ஏறியது. கூரைக்குப் பதில் இரும்புக் கம்பிக் கூடு.

"இவ்வளவு பண்ணியும் மாட்டிக்கிச்சே மேடம். என் பழைய பஸ்ஸே தேவலை போலிருக்குதே."

வைஜெயந்தி ஜீப்புக்குள் தலையை விட்டாள். டிரைவர் சீட்டை முன்பக்கம் முழுக்க இழுத்துவிட்டிருந்தது. முதுகுக்கு ஒரு உப்புச் சாக்கை மடித்துக் கொடுத்திருந்தது. பக்கத்துச் சீட்டின் தலைப்பகுதியில் காய்ந்துபோன ரத்தம்.

"ரத்தம் சார்" என்றாள்.

"ம்" என்றார் சிவப்பிரகாசம். அவர் பார்வை கழுவெளியின் அக்கரையில் இருந்தது. "எந்தப் பக்கம் போயிருப்பாங்க மேடம்?"

வைஜெயந்தி சேற்றில் இறங்கி முன்சக்கரத்துக்கு முன்னால் குத்த வைத்து உட்கார்ந்தாள். சக்கரத்தின் நடுவே ஒரு உள்ளங்கை அகலத் திருகு இருந்தது. அதைத் துடைத்துப் பார்த்தாள். மறுபக்கம் போய் அங்கேயும் பார்த்தாள்.

"அண்ணே, பின்சக்கரம் ரெண்டும் எப்படி இருக்குது?"

"கெணறு வெட்டியிருக்குது."

"முன்சக்கரம்?"

"சும்மா குந்திக்கினு இருக்குது."

"உள்ளே ஃபோர் வீல் லீவரைப் போட்டிருக்காங்க. ஆனா இந்தப் பழைய ஜீப்ல லீவர் மட்டும் பத்தாது. கீழே இறங்கி, முன்சக்கரம் ரெண்டுலயும் இந்த ஹப்பைக் கையால திருகிப் பூட்டணும். பூட்டாம விட்டா எஞ்சின் கத்தும், பின்சக்கரம் மட்டும் குழி பறிக்கும்."

"அதாவது மாப்பிள்ளை மணவறையில உக்காந்துட்டான், தாலியை வீட்டுலயே வெச்சுட்டான்."

"அதேதான். தார் ரோட்டுல ஓட்டும்போது எல்லாரும் இதைத் திறந்து விட்டிருப்பாங்க. சேத்துல இறங்குறதுக்கு முன்னாடி பூட்டுவாங்க. இந்த வண்டியைக் கட்டினவன் தன் பேரை மறந்தாலும் இதை மறக்க மாட்டான். ஓட்டினது பிரபாகரன் இல்ல."

சிவப்பிரகாசம் வேகமாக அருகில் வந்தார். "அப்போ யாரு?"

வைஜெயந்திக்கு அப்போதுதான் உற்சாகம் ஏறியிருந்தது. துப்பு கையில் கிடைத்துவிட்டால் அவளுக்கு எதிரே நிற்பவர் யார் என்பதே மறந்துபோகும். அவளுடைய ஒரே கெட்ட பழக்கம் அது.

"டயர் தடத்தைப் பாருங்க. ரோட்டுலேர்ந்து நேரா பாத்திங்களைக் கடந்து வந்திருந்தா, இந்தச் சேத்துல மாட்டாம அந்த மணல் திட்டுக்குப் போயிருக்கலாம். ஆனா ஒவ்வொரு பாத்தியையும் சுத்தி, சக்கரம் கொள்ளாத வரப்பு மேலேயே வந்திருக்காங்க. உசுரு போற அவசரத்துலயும் மிதிச்ச பாத்தியில வண்டியை இறக்க மனசு வரலை. ஓட்டினது உப்பளத்துல வேலை செய்யுற ஆளு. சீட்டை முன்னால இழுத்திருக்காங்க, உயரம் கம்மி. பெடல்ல ஒட்டியிருக்குற சேத்துத் தடம் வெறுங்கால். பாதமும் சின்னது. பொண்ணாத்தான் இருக்கணும்."

"கலைமதி" என்றார் சிவப்பிரகாசம். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "என் பாத்தியில உப்பு வாரின சிறுக்கி. நெனச்சேன்."

அப்பாவு அவர் முகத்தைப் பார்த்தார். காலையில் பார்த்த முகம் அங்கே இல்லை. தொழிலாளி பெண்ணின் பெயரைச் சொல்லும்போது ஒரு மனிதருக்கு இவ்வளவு விஷம் வருமா என்று அவருக்குள் ஏதோ நெருடியது. வைஜெயந்தியும் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

சிவப்பிரகாசத்தோடு இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவன் கூலிங்கிளாஸ், இன்னொருவன் தடியன். 'நம்ம பாத்தி ஆளுங்க' என்று சொல்லித்தான் காலையில் அறிமுகப்படுத்தினார். அவர் விரலைச் சொடுக்கியதும் இருவரும் ஷூ காலோடு பாத்தி நடுவே சளக் சளக்கென்று நடந்து குறுக்கு வழியாக வந்தார்கள். காலடி பட்ட இடமெல்லாம் பெயர்ந்தது. பாத்திக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முதல் தூறல் விழுந்தது. பக்கத்துப் பாத்தியில் பெண்கள் இன்னும் வேகமாக ஓலை வேய்ந்தார்கள். அப்பாவுக்கு வேடிக்கை பார்ப்பது பிறவிக் குணம். கீழ் வரிசை ஓலையை முதலில் வைத்து, அதன் மேல் படிகிற மாதிரி அடுத்த வரிசை. மேலே விழுகிற தண்ணீர் ஓலைக்கு ஓலை வழிந்து தரைக்குப் போய்விடும். வீட்டுக் கூரைக்கும் அதே கணக்குதான்.

அவர் கண் இந்தப் பக்கம் திரும்பியது. சிவப்பிரகாசத்தின் கரையில் மூன்று அம்பாரங்கள். ஒன்று மூடாமல் நனைந்துகொண்டிருந்தது, பக்கத்தில் ஓலை அடுக்கியபடியே கிடந்தது. இரண்டாவது ஒழுங்காக மூடியிருந்தது. கடைசி அம்பாரம் பாதி லாரியில் ஏறிப்போனது போலக் குட்டையாக இருந்தது. அதையும் மூடியிருந்தார்கள். ஆனால் அதில் ஒரு கீழ் வரிசை ஓலை, மேல் ஓலைக்கு மேலே துருத்திக்கொண்டு கிடந்தது. அந்த இடத்தில் விழுகிற தண்ணீர் அப்படியே உள்ளே போகும்.

அப்பாவுக்கு நெஞ்சு விம்மியது. மேடம் பார்க்காத துப்பு! வாழ்க்கையில் முதல் தடவை!

"மேடம்! அந்தக் கடைசி அம்..."

வைஜெயந்தியின் குதிகால் அவருடைய வெறும் கால் விரல்களின் மேல் இறங்கியது. அப்பாவுக்கு நட்சத்திரம் தெரிந்தது.

"அம்மாடியோவ்!" என்று முடித்தார்.

"என்ன?" என்றார் சிவப்பிரகாசம்.

"சங்கு குத்திருச்சு சார் அவருக்கு. சார், இந்த ஜீப்தான் நமக்கு ஒரே சாட்சி. மழை வலுத்தா முழுகிடும். நான் வெளியே எடுத்துடறேன். உங்க ஆளுங்க கொஞ்சம் தள்ளினா போதும். அண்ணே, காத்து இறக்கணும், வாங்க."

டயரில் காற்றை இறக்கும் சாக்கில் இருவரும் பின்சக்கரத்தின் பக்கம் குனிந்தார்கள். வால்வு சீறிய சத்தத்துக்குள் அவள் பேசினாள்.

"நானும் பாத்துட்டேன் அண்ணே. அது உள்ளே இருந்து இழுத்துச் செருகின ஓலை. உப்பளத்து ஆளு அப்படி வைக்கவே மாட்டாங்க. அவன் வண்டியை அவ ஓட்டியிருக்கா, ஹப்பைப் பூட்டத் தெரியலை. அவ ஓலையை அவன் மூடியிருக்கான், தண்ணி எந்தப் பக்கம் வழியும்னு தெரியலை."

"அப்போ அவ கடத்தலையா?"

"அடிபட்டவனைப் பக்கத்துல உக்கார வெச்சு, தெரிஞ்ச வரைக்கும் ஓட்டிட்டு வந்திருக்கா. காதலிச்சு, ரெண்டு பேரும் ஓடி வந்திருக்காங்க. யாருக்குப் பயந்துன்னு இன்னுமா தெரியலை?"

அப்பாவு மெதுவாகத் தலையைத் தூக்கிப் பார்த்தார். சிவப்பிரகாசம் அக்கரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரத்தத்தைக் காட்டினேன், அந்த ஆளு பதறலை. அவருக்கு அது முன்னாடியே தெரியும். மழை வர்ற அன்னைக்கு எந்தப் பாத்திக்காரனாவது ஆளுங்களை வர வேணாம்னு சொல்லுவானா? யாரும் பாக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. ஷூவோட பாத்தியை மிதிக்கிறானுங்க, கேக்கலை. அவனுங்க பாத்தி ஆளுங்க இல்ல, வேற வேலைக்கு வந்தவனுங்க."

"நம்மளைக் கூட்டிட்டு வந்தது..."

"மோப்பம் பிடிக்க."

அப்பாவுக்குப் பயம் பாதி, வெட்கம் பாதி. உப்பு வாருகிற பெண் தன் அக்கா மகனைத் தொட்டுவிட்டாள் என்பதற்காக இரண்டு உயிரை எடுக்கத் துணிந்தவன் அழுத அழுகைக்கு, இவரும் சேர்ந்து மூக்கைச் சிந்தியிருக்கிறார். கலைமதியின் பெயரை அவன் வாய்க்கு எடுத்துக் கொடுத்ததும் இவர்கள்தான்.

"மகளிர் ஸ்டேஷனுக்கு மெசேஜ் போட்டுட்டேன். அவங்க இங்கே வர்றதுக்குள்ள இவன் ஓலையைப் பாத்துட்டா கதை முடிஞ்சுது. நான் ஜீப்பை அம்பாரத்துக்கு ஒட்டி நிறுத்தறேன். நீங்க மறைவுல போய் அவங்களை ஏத்துங்க."

"நானா?"

"நான் ஸ்டியரிங்கை விட்டு இறங்கினா சந்தேகம் வரும். உங்க வாய்க்கு இன்னைக்குத்தான் வேலை அண்ணே."

முன்சக்கரத்து ஹப் இரண்டையும் அவள் திருகினாள். மூடாத அம்பாரத்தின் பக்கத்தில் கிடந்த ஓலைகளை அப்பாவு சக்கரங்களுக்கு அடியில் செருகினார். சிவப்பிரகாசம் அதட்டியதும் கூலிங்கிளாஸும் தடியனும் பின்னால் போய்த் தோள் கொடுத்தார்கள். எஞ்சின் உறுமியது. இப்போது நாலு சக்கரமும் சேர்ந்து பிடித்தன. ஜீப் ஒரு முறை முக்கி, மெதுவாக எழுந்து, கரைக்கு ஏறியது. தள்ளிய இருவரும் தலையிலிருந்து கால்வரை சேறாகி நின்றார்கள். வேறு நாளாக இருந்தால் அப்பாவு இதை வைத்து ஒரு மாசம் ஓட்டியிருப்பார். இன்று ஓடிப்போய் ஜீப்பில் தொற்றிக்கொண்டார்.

"பிரேக் சரியா இருக்குதான்னு பாத்துட்டுத் திருப்பிட்டு வர்றேன் சார்" என்று கத்தினாள் வைஜெயந்தி.

மழை வலுத்தது. ஜீப் கரையோடு ஊர்ந்து கடைசி அம்பாரத்தை ஒட்டி நின்றது. அப்பாவு இறங்கி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஒரு நிமிஷம் மேடம், மழை வந்தாலே எனக்கும் வந்துரும்!" என்று சொல்லிவிட்டு மறைவுக்குப் போனார்.

துருத்திய ஓலையைப் பிடித்துத் தூக்கினார். உள்ளே குகை மாதிரி இருட்டு. அந்த இருட்டிலிருந்து உப்பு வாரும் பலகை ஒன்று அவர் கழுத்துக்கு நேராக நீண்டது.

"யாருய்யா நீ? ஒரு அடி வெச்சே, மண்டையைப் பொளந்துருவேன்."

குள்ளமான பெண். கண்ணில் இரண்டு நாள் தூக்கமில்லை. அவளுக்குப் பின்னால் ஒரு இளைஞன் உப்பின் மேல் சாய்ந்து கிடந்தான். தலையில் அவளுடைய தாவணியைக் கட்டியிருந்தது. விழித்துத்தான் இருந்தான், எழுந்திருக்கத்தான் தெம்பில்லை.

"கலைமதி, கத்தாதம்மா. ஜீப்புல ஏறுங்க. காப்பாத்தத்தான் வந்தோம்."

"பொய். ஓலை சந்துல எல்லாம் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அந்த ஆளு கூடத்தானே வந்தீங்க?"

அப்பாவுக்கு நாற்பது வருஷமாகப் பேசிப் பேசிச் சேர்த்த வார்த்தைகள் ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. ஜோக் எதுவும் தோன்றவில்லை. உண்மை மட்டும்தான் மிச்சமிருந்தது.

"ஆமாம்மா. அந்த ஆளுதான் எங்களைக் கூட்டிட்டு வந்தாரு. கடத்தல்னு சொன்னாரு, நம்பிட்டோம். உங்களைக் கண்டுபிடிச்சதே நாங்கதான். தப்பு எங்க மேலதான்."

"அப்போ உங்க கூட நாங்க எப்படி வர்றது?"

பலகை இறங்கவில்லை. தூரத்தில் சிவப்பிரகாசத்தின் குரல் கேட்டது. "என்னய்யா இவ்ளோ நேரம்?" தடியன் இந்தப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தான்.

அப்பாவு பெருமூச்சு விட்டார். அப்புறம் மேடத்தைக் கேட்காமலே ஒரு முடிவு எடுத்தார்.

"எங்க கூட வர வேணாம். எங்களை நம்பவும் வேணாம். நாங்க இறங்கிக்கிறோம். சாவி வண்டியிலயே இருக்குது, எஞ்சின் ஓடுது. நீயே ஓட்டிக்கிட்டுப் போ."

கலைமதி அவரையே பார்த்தாள். உள்ளேயிருந்து பிரபாகரன் கேட்டான், "ஹப்பு... ஹப்பு பூட்டினீங்களா?"

"ரெண்டும் பூட்டியாச்சுப்பா. காத்தும் இறக்கியாச்சு."

"அப்போ போயிடலாம் கலை" என்றான் அவன். "கழுவெளி ஓரமாவே போனா கூனிமேட்டுல ரோடு ஏறலாம். அவங்க கார் அங்கே இறங்கவே இறங்காது."

அதற்கு மேல் எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நடந்தது. அப்பாவு பையனைத் தோளில் தாங்கி ஏற்றினார். வைஜெயந்தி ஒரே ஒரு கணம் அவரைப் பார்த்தாள், இறங்கி வழி விட்டாள். கலைமதி ஏறி உட்கார்ந்து, சீட்டை முன்னால் இழுத்தாள்.

"கூனிமேட்டுலேர்ந்து நேரா மகளிர் ஸ்டேஷன். வேற எங்கேயும் நிறுத்தாதே" என்றாள் வைஜெயந்தி.

ஜீப் பாய்ந்தது. கரையிலிருந்து கழுவெளிக்குள் இறங்கி, இரண்டு பக்கமும் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு, மழைக்குள் போயிற்று. முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியபோது அப்பாவு கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது வண்டி அதைத் தாண்டியிருந்தது.

சிவப்பிரகாசம் ஓடி வந்தார். தடியன் முன்னால் வந்து அப்பாவுவின் சட்டையைப் பிடித்தான்.

"யாரு அது? யாருடி வண்டியில போனது?" என்று வைஜெயந்தியிடம் கத்தினார் சிவப்பிரகாசம்.

"கண்டுபிடிச்சுட்டோம் சார். நீங்க கேட்ட மாதிரியே, உயிரோட" என்றாள் வைஜெயந்தி. "ஆள் மேல கை வைக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் சுத்திப் பாத்துக்கச் சொல்லுங்க."

ஜீப்பின் சத்தத்துக்குப் பக்கத்துப் பாத்திகளில் எல்லாரும் நிமிர்ந்துவிட்டிருந்தார்கள். ஓட்டிக்கொண்டு போனது தங்களோடு உப்பு வாரிய பெண் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஓலையையும் பலகையையும் கையில் பிடித்தபடி, மழையில் நனைந்துகொண்டு, வரப்பு வரப்பாக நடந்து வந்தார்கள். தடியனின் கை தானாகவே சட்டையை விட்டது.

"என் மானத்தை வாங்கிட்டியேடி" என்றார் சிவப்பிரகாசம். "அக்கா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். திரையில் 'அக்கா' என்று இருந்தது. அவர் விரல் அசையவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. வைஜெயந்தி கையை நீட்டி அவர் கையிலிருந்து போனை எடுத்தாள். அவர் தடுக்கவில்லை. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"டேய் சிவா, என் புள்ளையை என்னடா பண்ணீங்க?" உலர்ந்துபோன குரல்.

"அம்மா, நான் வைஜெயந்தி பேசறேன். உங்க பையன் உயிரோட இருக்கான். தலையில அடி, பயப்படுற மாதிரி இல்ல. இப்போ ஸ்டேஷனுக்குப் போயிட்டு இருக்கான்."

அப்புறம் அந்தம்மா மெதுவாகக் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு? அதையும் ஒண்ணும் பண்ணிடலியே?"

"இல்லம்மா" என்றாள் வைஜெயந்தி. "அவதான் வண்டி ஓட்டுறா."